இஸ்ரவேலுக்கு சொன்ன தேசம்: கொடுத்து முடிச்சாச்சா, இன்னும் பாக்கி இருக்கா?

இஸ்ரேல் பத்தின செய்தி எப்ப பெருசா ஓடினாலும் கூடவே ஒரு பைபிள் சண்டையும் ஓடும். ஒரு சாரார் 1948ல இஸ்ரேல் பிறந்ததே தீர்க்கதரிசனம்தான், ஆபிரகாமுக்கு சொன்ன மொத்த எல்லையும் இனிமே கைக்கு வந்தாகணும்னு சொல்றாங்க. இன்னொரு சாரார், அதெல்லாம் மோசேக்கு அப்புறம் ஜனங்கள கானானுக்குள்ள நடத்திட்டுப் போன யோசுவா காலத்துலயே செட்டில் ஆயிடுச்சு, யோசுவா 21:45 படிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் கடவுள் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கூட பாக்கி வெக்கலன்னு சொல்றாங்க. ரெண்டு பேரும் கையில வெச்சிருக்க வசனம் நிஜமாவே பைபிள்ல இருக்கு, அதனாலதான் இந்த சண்டை ஓயவே மாட்டேங்குது.

என் பார்வையில ரெண்டு சைடும் ஒரே தப்பத்தான் பண்றாங்க, தேசம் பத்தின வாக்குத்தத்தம்னா ஏதோ ஒரே ஒரு வாக்கு, ஒரே ஒரு எல்லை, ஒரே ஒரு தேதின்னு நெனச்சுக்கறாங்க. பைபிள்ல அது பல தடவை, பல அளவுல, பல கண்டிஷனோட வருது. ஒண்ணு நிறைவேறினதா காட்டுற வசனத்த வெச்சு இன்னொண்ண க்ளோஸ் பண்ண முடியாது.

மொதல்ல எல்லையப் பாப்போம். ஆதியாகமம் 15:18ல ஆபிராமுக்கு சொல்றது எகிப்தின் நதியில இருந்து ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி வரைக்கும், பத்து ஜனங்களோட நிலம். எகிப்தின் நதின்னா நைல்தானா, இல்ல சினாய்ல இருக்க வாதி எல் அரிஷ் ஓடையாங்கிறதுலயே ஆராய்ச்சியாளர்களுக்குள்ள தகராறு இருக்கு, ஆனா ஐபிராத்து எங்க ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும், இன்னைக்கு சிரியா, ஈராக் வழியா. இத வெச்சு மட்டும் மேப் போட்டா பெரிய மேப் வரும். ஆனா எண்ணாகமம் 34க்கு வந்தா மேப் சுருங்கிடுது. அங்க கடவுள் மோசே கிட்ட எல்லைய ஊர் ஊரா சொல்றாரு, தெற்க காதேஸ்பர்னேயா, மேற்க பெரிய கடல், வடக்க ஆமாத்துக்குப் போற வழி, கிழக்க கின்னரேத் கடல்ல இருந்து இறங்கி யோர்தான் வழியா உப்புக்கடல். தெற்குப் பாதியில கிழக்கு எல்லை யோர்தானோட நின்னுடுது, ஐபிராத்து பேச்சே இல்ல.

யோர்தானுக்குக் கிழக்க ரூபன், காத், மனாசேயில பாதி கோத்திரம் குடியேறினாங்களே, அப்ப அது என்ன கணக்குன்னு கேக்கலாம். இதே சந்தேகம் அவங்களுக்கே இருந்துச்சு. யோசுவா 22ல அவங்க ஆத்தோரமா ஒரு பெரிய பலிபீடம் கட்டுறாங்க, மத்த கோத்திரங்க சண்டைக்கே கிளம்பிடுது, அப்புறம் விசாரிச்சா அவங்க சொல்ற காரணம், நாளைக்கு உங்க பிள்ளைங்க எங்க பிள்ளைங்களப் பாத்து யோர்தானத்தான் கர்த்தர் எல்லையா வெச்சாரு, உங்களுக்கு கர்த்தர்கிட்ட பங்கே இல்லைன்னு சொல்லிடக்கூடாதுல்ல, அதுக்குத்தான்னு. அதே யோர்தானுக்குக் கிழக்க இருக்க மலையில நின்னுதான் மோசே தேசத்த கண்ணால பாத்துட்டு, உள்ள போகாமயே செத்துப்போறாரு. கிழக்குக் கரையில நிக்கிறது தேசத்துக்குள்ள நிக்கிறதா ஆகலைங்கறது கதையிலயே இருக்கு. ஆக ஆதியாகமத்து மேப் ஒண்ணு, எண்ணாகமத்து மேப் ஒண்ணு, ஜனங்க நிஜத்துல குடியிருந்த மேப் ஒண்ணு. நிறைவேறிடுச்சுன்னு யாராவது சொன்னா மொதல்ல எந்த மேப்னு கேக்கணும்.

இப்ப யோசுவா 21:45க்கு வருவோம். "ஒரு வார்த்தையும் தவறிப்போகவில்லை, எல்லாம் நிறைவேறிற்று"ன்னு தெளிவா இருக்கு, இத விட ஓப்பனா சொல்ல முடியாது. ரெண்டு வசனம் முன்னாடி, பிதாக்களுக்கு ஆணையிட்ட தேசத்தையெல்லாம் கொடுத்தாருன்னும் இருக்கு. ஆனா அதே புஸ்தகத்துல 13:1ல கடவுள் யோசுவாவைப் பாத்து நீ கெழவன் ஆயிட்ட, "சுதந்தரித்துக்கொள்ளவேண்டிய தேசம் இன்னும் மகா விஸ்தாரமாயிருக்கிறது"ன்னு சொல்லி, பாக்கி லிஸ்ட்டையும் குடுக்குறாரு, காசா, அஸ்தோத், அஸ்கலோன், காத், எக்ரோன்னு பெலிஸ்தரோட அஞ்சு ஊர், சீதோனியர் பக்கம், லீபனோன் மலை எல்லாம் அதுல இருக்கு. எழுதினவருக்கு எட்டு அதிகாரம் முன்னாடி என்ன எழுதினோம்னு மறந்தா போச்சு? ரெண்டையும் தெரிஞ்சேதான் பக்கத்துல வெச்சிருக்காரு.

ஒரே ஒரு ஊர எடுத்துக்கிட்டு பாத்தா இது இன்னும் நல்லா புரியும். பெத்செயான். கலிலேயா கடலுக்குத் தெற்க, யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு யோர்தான் பள்ளத்தாக்கோட சேர்ற இடத்துல இருக்கு, நல்ல தண்ணி, நல்ல வயல், நாலு பக்கமும் போற ரோடு, அதனால யாரு ராஜாவா வந்தாலும் இந்த ஊர் வேணும்னு நிப்பாங்க. 1920கள்ல பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தோண்டினப்ப எகிப்து ராஜா முதலாம் சேத்தி, இரண்டாம் ராம்செஸ் வெச்ச கல்வெட்டுங்க கெடச்சுது, அதாவது அந்தக் காலத்துல இது எகிப்துப் படை தங்கியிருந்த ஊர். யோசுவா 17ல இந்த ஊர் மனாசே கோத்திரத்துக்கு ஒதுக்கப்படுது. அதே அதிகாரத்துல யோசேப்பு வம்சத்தார் வந்து, பெத்செயான் பக்கத்து கானானியர்கிட்ட இரும்பு ரதம் இருக்கு, எங்களால முடியலைன்னு புலம்புறாங்க. நியாயாதிபதிகள் 1:27ல மனாசே துரத்தாம விட்ட ஊர் லிஸ்ட்ல மொதல் பேரே பெத்செயான்தான். 1 சாமுவேல் 31ல சவுல் போர்ல செத்ததும் பெலிஸ்தர் அவர் உடம்ப எங்க தொங்க விட்டாங்கன்னா, பெத்செயான் மதில்ல. இஸ்ரவேலோட மொத ராஜாவோட பொணம் இஸ்ரவேலுக்கு "கொடுக்கப்பட்ட" ஊர் சுவத்துல தொங்குது. சாலொமோன் காலத்துல, 1 இராஜாக்கள் 4:12ல, ஒருவழியா இந்த ஊர் அவரோட அதிகாரி பொறுப்புல வருது. பேப்பர்ல கொடுத்ததுக்கும் கைக்கு வந்ததுக்கும் நடுவுல எத்தனை தலைமுறை ஓடியிருக்கு பாருங்க. அதுக்கப்புறமும் அது கையிலயே இருக்கல, அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

நம்ம ஊர்ல நெலம் வாங்கினவங்களுக்கு இது புதுசு இல்ல, பட்டா ஒருத்தர் பேர்ல இருக்கும், அனுபவம் இன்னொருத்தர் கையில இருக்கும். யோசுவா 21 பட்டா பேசுது, நியாயாதிபதிகள் 1 அனுபவம் பேசுது. ஏன் அனுபவம் முழுசா வரலன்னும் நியாயாதிபதிகள் 2 சொல்லுது, கடவுள் வார்த்தை தப்பினாருன்னு இல்ல, ஜனங்க உடன்படிக்கைய மீறினாங்க, அதனால மிச்சம் இருந்த ஜாதிகள நான் இனி துரத்தமாட்டேன்னு. அதனால நிறைவேறிடுச்சுங்கற சைடு சொல்றதுல ஒரு பாதி ரொம்ப சரி, கடவுள் தன் பக்கம் செய்ய வேண்டியத செஞ்சுட்டாருன்னு அந்த புஸ்தகமே சாட்சி சொல்லுது. ஆனா அதுல இருந்து கணக்கு முடிஞ்சுதுங்கற முடிவுக்குத் தாவ முடியாது, ஏன்னா அந்த புஸ்தகமே பாக்கி லிஸ்ட்ட கிழிச்சுப் போடல.

அடுத்து எல்லாரும் காட்டுறது சாலொமோன். ஐபிராத்துல இருந்து பெலிஸ்தர் தேசம், எகிப்து எல்லை வரைக்கும் எல்லா ராஜ்யத்தையும் ஆண்டாருன்னு 1 இராஜாக்கள் 4:21 சொல்லுது, அங்க ஆதியாகமம் 15ஓட வாடை நல்லாவே அடிக்குது, எழுதினவரு வேணும்னேதான் அப்படி எழுதியிருக்காரு. ஆனா ஆண்டாருன்னா எப்படி? அந்த ராஜ்யங்க கப்பம் கட்டுச்சு, அவ்ளோதான், இஸ்ரவேலர் அங்க போய் குடியேறல. ஜனங்க குடியிருந்தது தாண்ல இருந்து பெயெர்செபா வரைக்கும்னு நாலு வசனம் தள்ளி அதே அதிகாரம் சொல்லிடுது. தீரு பட்டணத்து ஈராம் கப்பம் கட்டுறவர் கூட இல்ல, சமமா டீல் போடுற ராஜா. கோவிலும் அரமனையும் கட்ட கேதுரு மரம், தேவதாரு மரம், தங்கம்னு அவர் சப்ளை பண்ணதுக்கு சாலொமோன் கலிலேயாவுல இருபது ஊர எழுதிக் குடுத்துடுறாரு, ஈராம் வந்து சுத்திப் பாத்துட்டு என்ன சகோதரனே இதெல்லாம் ஒரு ஊரான்னு மூஞ்சியச் சுளிக்கிறாரு. வாக்குத்தத்தம் உச்சத்துக்கு வந்ததுக்கு சாட்சியா காட்டுற ராஜாவே வாக்குத்தத்த நிலத்த மரத்துக்கும் தங்கத்துக்கும் குடுக்குறாரு. கேசேர்னு இன்னொரு ஊர், அத கானானியர்கிட்ட இருந்து பிடிச்சது பார்வோன், பொண்ணுக்கு சீதனமா சாலொமோனுக்குக் குடுத்தாரு. தமஸ்குவுல ரேசோன்னு ஒருத்தன் சாலொமோன் நாள் முழுக்க எதிரியாவே இருந்தான்னு 11ஆம் அதிகாரம். ஐபிராத்து வரைக்கும் ஆட்சின்னு சொல்லிட்டு நடுவுல இருக்க தமஸ்குவே கையில நிக்கலன்னா அந்த ஆட்சி எவ்ளோ மெல்லிசுன்னு புரிஞ்சுக்கலாம்.

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது 1 இராஜாக்கள் 8. கோவில் திறப்பு அன்னிக்கு சாலொமோன் எழுந்து நின்னு, மோசே மூலமா சொன்ன நல்வார்த்தைகள்ல ஒண்ணு கூட தவறலன்னு யோசுவா 21 வசனத்தையே கிட்டத்தட்ட திரும்ப சொல்றாரு. அதே ஜெபத்துல கொஞ்சம் முன்னாடி, நாளைக்கு இந்த ஜனங்க பாவம் பண்ணி எதிரி தேசத்துக்கு சிறைப்பட்டுப் போனா, அங்கேருந்து இந்த தேசத்த நோக்கி வேண்டினா கேளுங்கன்னும் கேக்குறாரு. எல்லாம் நிறைவேறிடுச்சு, எல்லாம் போயிடவும் போயிடலாம், ரெண்டும் ஒரே வாய்ல ஒரே நாள்ல. நிறைவேறுதல்னா இனிமே எதுவும் நடக்காதுன்னு சீல் வெக்கிறதா அவரு நெனக்கல.

இதுக்குக் காரணம் தோராவோட, அதாவது மோசேயோட அஞ்சு புஸ்தகத்தோட, நிலச் சட்டத்துலயே இருக்கு. லேவியராகமம் 25:23, "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால்" நிலத்த அறுதியா விக்காதீங்க, நீங்க என்கிட்ட பரதேசிகளும் புறக்குடிகளும்தான்னு. அதாவது இஸ்ரவேல் ஓனர் கிடையாது, குடியிருக்கறவங்க. ஒழுங்கா நடக்கலன்னா தேசமே உங்கள கக்கிப் போட்டுடும், உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களயும் அப்படித்தான் கக்கிச்சுன்னு லேவியராகமம் 18. உபாகமம் 28 இத விரிவா மிரட்டுது, 30 திரும்பக் கூட்டிட்டு வர்றதையும் சொல்லுது. கி.மு. 722 வாக்குல சமாரியா அசீரியாகிட்ட விழுந்துச்சு, கி.மு. 586 வாக்குல எருசலேம் பாபிலோன்கிட்ட. 2 நாளாகமம் கடைசியில அந்த எழுபது வருஷம் நிலம் தன் ஓய்வு நாள அனுபவிச்சுதுன்னு எழுதியிருக்கு, ஜனங்க குடுக்காம விட்ட ஏழாம் வருஷ ஓய்வ நிலம் தானே எடுத்துக்கிச்சாம். ஓனர் யாருன்னு இதுக்கு மேல எப்படி சொல்றது. அப்புறம் ஆபிரகாமுக்கு நித்திய சுதந்தரம்னு சொன்னது என்னாச்சுன்னா, அது பிடுங்க முடியாத குடியிருப்புன்னு அந்த சட்டத்துல எங்கேயும் அர்த்தம் ஆகல, துரத்தினாலும் உறவு அறுந்து போகாதுங்கற அர்த்தம்தான் லேவியராகமம் 26 கடைசியில வருது, அவங்க எதிரி தேசத்துல இருந்தாலும் நான் ஆபிரகாமோட பண்ண உடன்படிக்கைய நெனப்பேன், தேசத்தையும் நெனப்பேன்னு.

சிறையில இருந்து திரும்பி வந்தாங்களே, அதோட கதை முடிஞ்சுதானே? பெர்சிய ராஜா கோரேசு கி.மு. 538ல விட்டாரு, கோவிலும் திரும்பக் கட்டினாங்க. ஆனா திரும்பி வந்தவங்களே அப்படி நெனக்கல. நெகேமியா 9ஆம் அதிகாரம் ஜெபத்துல, ஆபிரகாமுக்கு சொன்ன வார்த்தைய நிறைவேத்தினீர், நீர் நீதியுள்ளவர்ன்னு ஆரம்பிச்சு, முடிக்கும்போது, எங்க பிதாக்களுக்குக் கொடுத்த இந்த தேசத்துலயே நாங்க இன்னைக்கு அடிமையா இருக்கோம், இதோட வெளச்சல் எல்லாம் எங்க பாவத்தால எங்க மேல வெச்ச ராஜாக்களுக்குப் போகுதுன்னு அழறாங்க. வந்தாச்சு, ஆனா வரலை. தீர்க்கதரிசிகள் சொன்ன அளவும் இத விடப் பெருசு. ஆமோஸ் 9:15ல "இனிப் பிடுங்கப்படுவதில்லை"ன்னு இருக்கு. கோரேசு காலத்துத் திரும்புதலே அதுன்னு சொன்னா, கி.பி. 70ல ரோமர் எருசலேம இடிச்சதும், 135ல ரோமருக்கு எதிரா யூதர் பண்ண பர் கொக்பா கலகத்துக்கப்புறம் யூதர்கள எருசலேம் பக்கமே வரவிடாம பண்ணதும் பிடுங்கறது இல்லாம வேற என்ன? யோசுவா 21ஐ மட்டும் வெச்சு எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்றவங்க தடுக்கி விழற இடம் இதுதான், யோசுவா செத்து பல நூறு வருஷம் கழிச்சு புதுசா சொன்ன வாக்குகள யோசுவா காலத்து ரசீத காட்டி அடைக்கப் பாக்குறாங்க.

யூத ரபிமார் இத வேற ஒரு வழியில பிடிச்சாங்க, நம்ம பக்கம் அதிகம் பேசப்படாத வாதம் அது. உபாகமம் 19ல அடைக்கலப் பட்டணம் பத்தி ஒரு சட்டம், கை தவறி கொலை பண்ணவன் ஓடி ஒளிய மூணு ஊர் ஒதுக்கணும், அப்புறம் கர்த்தர் உன் எல்லைய விஸ்தாரமாக்கி பிதாக்களுக்கு சொன்ன தேசம் முழுசையும் குடுத்தா இன்னும் மூணு ஊர் சேத்துக்கோன்னு. யோர்தானுக்குக் கிழக்க பேசேர், ராமோத், கோலான் மூணும் மேற்க கேதேஸ், சீகேம், எப்ரோன் மூணும் வெச்சாங்க, மொத்தம் ஆறு. கூடுதல் மூணு எங்க? யோசுவா சேக்கல, தாவீது சேக்கல, ஐபிராத்து வரைக்கும் ஆண்ட சாலொமோனும் சேக்கல. கடவுள் வெட்டியா சட்டம் போட மாட்டாரு, அதனால இது மேசியா நாளுக்காக வெச்சிருக்கறதுன்னு 12ஆம் நூற்றாண்டுல மைமோனிதெஸ்ங்கற யூத அறிஞர் தன் சட்ட நூல்ல எழுதிட்டாரு. அவருக்கு முன்னாடியே பைபிள் உரையாசிரியர் ராஷி, ஆதியாகமம் 15ல பத்து ஜாதி இருக்கு, இஸ்ரவேலுக்குக் கெடச்சது ஏழு ஜாதி நிலம்தான், பாக்கி மூணு ஏதோம், மோவாப், அம்மோன், அது பின்னாடி வரும்னு கணக்கு சொன்னாரு. மோசே காலத்துல அந்த மூணு பேரோட நிலத்த தொடவே கூடாது, ஒரு அடி கூட உனக்குத் தரமாட்டேன்னு உபாகமம் 2ல கடவுளே சொல்லியிருக்காரு, அதனால ராஷி கணக்குல ஒரு லாஜிக் இருக்கு.

ஆனா அதே ரபிமார் மேப்ப பெருசாக்க அவசரப்படல, சில இடத்துல சுருக்கினாங்க. இங்கதான் பெத்செயான் திரும்ப வருது. ரோமர் காலத்துல அது சித்தோபோலிஸ்ங்கற கிரேக்கப் பட்டணம், தியேட்டர், தூண் வெச்ச தெருன்னு ஜோரா இருக்கும். தசமபாகம், அதாவது வெளச்சல்ல பத்துல ஒரு பங்கு, தேசத்து எல்லைக்குள்ள வெளையுறதுக்குத்தான்; பெத்செயான்ல வெளையுற காய்கறிக்கு அது வேண்டாம்னு அப்போ யூதர்களோட தலைவரா இருந்த ரபி யூதா ஹநாசி அனுமதி குடுத்தாரு, கி.பி. 200 சுமாருக்கு. அவர் சொந்தக்காரங்களே, உன் அப்பனும் தாத்தனும் தடை பண்ணத நீ எப்படி விடலாம்னு சண்டைக்கு வந்தாங்களாம். எகிப்துல இருந்து வந்தவங்க பிடிச்ச பல ஊர பாபிலோன்ல இருந்து வந்தவங்க பிடிக்கல, அந்த ஊர்கள வேணும்னே விட்டு வெச்சாங்க, ஏழாம் வருஷம் நிலம் தரிசா கெடக்கும்போது ஏழைங்களுக்கு அங்கேருந்து சோறு வரட்டும்னுதான்னு யூத ரபிமாரோட சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் காரணம் சொல்லுது. பெத்செயானுக்கு கொஞ்சம் தெற்க ரெகோப்ங்கற இடத்துல ஒரு பழைய ஜெப ஆலயத்தோட மொசைக் தரை 1970கள்ல கெடச்சுது, 29 வரி எழுத்து, வெள்ளரிக்காய், தர்பூசணி, எள்ளு, கடுகு, அரிசி, சீரகம்னு ஒரு லிஸ்ட், எந்த ஊர்ல எது ஏழாம் வருஷத்துல விலக்கு, எந்த ஊர் எல்லைக்குள்ள, எந்த ஊர் வெளியன்னு பட்டண வாசல் வாசலா சொல்லுது. தேசத்தோட எல்லை எதுங்கறது அவங்களுக்கு கொடி நடுற விஷயமா இல்ல, மார்க்கெட்ல வாங்கின கீரைக்கு தசமபாகம் எடுக்கணுமா வேண்டாமாங்கற அன்றாடக் கேள்வியா இருந்திருக்கு. எனக்கு இந்த விவாதத்துலயே ரொம்பப் பிடிச்ச ஆவணம் அந்தத் தரைதான்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தா பேச்சோட திசையே மாறுது. ஸ்தேவான் அப்போஸ்தலர் 7ல ஆபிரகாமுக்கு அங்க ஒரு அடி நிலம் கூட கெடைக்கலைன்னு ஞாபகப்படுத்துறாரு, நெசம்தான், சாராள அடக்கம் பண்ண அவரு 400 சேக்கல் வெள்ளி எண்ணிக் குடுத்து மக்பேலா குகைய வாங்க வேண்டியிருந்துச்சு. பவுல் ரோமர் 4:13ல ஆபிரகாமுக்கு கானான்னு சொல்லாம "உலகத்தைச் சுதந்தரிப்பான்"னு எழுதுறாரு. எபிரெயர் 4:8, யோசுவா அவங்கள இளைப்பாறுதலுக்குள்ள கொண்டு போயிருந்தா பின்னாடி வேற ஒரு நாளப் பத்தி பேச்சே வந்திருக்காதேன்னு கேக்குது, 11ஆம் அதிகாரம் அவங்க விரும்பினது பரமதேசம்னு முடிக்குது. பாருங்க, எபிரெயர் எழுதினவரு யோசுவாவோட எல்லாம் முடிஞ்சுதுங்கற சைடு இல்ல. முடியலன்னுதான் சொல்றாரு, ஆனா மிச்சத்த மத்திய கிழக்கு மேப்ல தேடல. இன்னொரு பக்கம் அதே பவுல் ரோமர் 11ல இஸ்ரவேல கடவுள் தள்ளிடல, அவர் கொடுத்த வரமும் அழைப்பும் மாறாதவைன்னு அழுத்தி சொல்றாரு, ஆனா அங்க நிலம்ங்கற வார்த்தையே வரல. இப்பவா ராஜ்யத்த இஸ்ரவேலுக்குத் திரும்பக் குடுப்பீர்னு சீஷர்கள் கேட்டதுக்கு இயேசு இல்லைன்னும் சொல்லல ஆமான்னும் சொல்லல, காலம் வேளை உங்களுக்கு அடுத்ததில்லன்னு மட்டும் சொன்னாரு. இந்த மௌனத்துல ரெண்டு கட்சியும் தங்களுக்கு வேணுங்கறத ஊத்திக்கறாங்க.

சபை வரலாறுல ரொம்ப காலம் பெரும்பான்மை கருத்து, தேசம்ங்கறது கிறிஸ்துவுலயும் வரப்போற புதிய பூமியிலயும் நிறைவேறுதுங்கறதுதான். யூதர் தேசத்துக்குத் திரும்புவாங்கங்கற கருத்த 19ஆம் நூற்றாண்டுல பிரதரன் போதகர் ஜான் நெல்சன் டார்பி கண்டுபிடிச்சாருன்னு ஆன்லைன்ல அடிச்சு விடுறாங்க, அது முழுசா சரியில்ல. 1621லயே ஹென்றி ஃபின்ச்னு ஒரு இங்கிலீஷ் வக்கீல் இத எழுதி, யூதருக்கு எல்லா ராஜாவும் கும்பிடு போடுவாங்கன்னு சொன்னதுக்கு முதலாம் ஜேம்ஸ் ராஜாவுக்குக் கோவம் வந்து அவர ஜெயில்ல போட்டாங்க. டார்பி செஞ்சது வேற, இஸ்ரவேலும் சபையும் கடவுளோட ரெண்டு தனித்தனி திட்டம், இஸ்ரவேலுக்கு சொன்னத சபைக்கு மாத்தவே கூடாதுன்னு ஒரு முழு சிஸ்டமா கட்டினாரு. 1909ல ஸ்கோஃபீல்ட்ங்கற அமெரிக்கப் போதகர் அடிக்குறிப்பு போட்ட பைபிள் ஆக்ஸ்ஃபோர்ட் அச்சுல வந்ததும் அந்த சிஸ்டம் வசனத்துக்குக் கீழயே உக்காந்துக்கிச்சு, படிக்கறவங்களுக்கு எது வசனம் எது குறிப்புன்னே பிரியாம போச்சு. நம்ம பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகள்ல தீர்க்கதரிசன மீட்டிங்னா பெரும்பாலும் கேக்குறது இந்த லைன்தான். இது வெறும் சபைக்குள்ள பேச்சா நிக்கல, 1891ல வில்லியம் பிளாக்ஸ்டோன்ங்கற அமெரிக்க சுவிசேஷகர் யூதர்களுக்குப் பாலஸ்தீனத்த குடுக்க உதவுங்கன்னு அமெரிக்க ஜனாதிபதி ஹாரிசனுக்கு ஒரு மனு குடுத்தாரு, ராக்ஃபெல்லர், ஜே.பி. மார்கன் உட்பட 413 பேர் கையெழுத்து. யூதருக்குத் தனி நாடு கேட்ட சியோனிஸ்ட் இயக்கத்தோட தலைவர் ஹெர்ஸல் சுவிட்சர்லாந்து பாசல்ல அதோட மொத மாநாட்ட கூட்டினதே அதுக்கப்புறம் 1897லதான்.

சரி 1948? அத நிறைவேறுதல்னு சொல்றவங்க ஒரு தடவ மேப்ப விரிச்சுப் பாக்கணும். 1949 போர்நிறுத்தக் கோட்டுக்குள்ள இஸ்ரேலுக்கு வந்தது அஸ்தோத், அஸ்கலோன் இருக்க கடலோரம், அதாவது யோசுவா 13 பாக்கின்னு எழுதின பெலிஸ்தர் நிலம். ஆபிரகாம் பலிபீடம் கட்டின சீகேம், பெத்தேல், எப்ரோன், ஆசரிப்புக் கூடாரம் நின்ன சீலோ எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் யோர்தான் நாட்டுகிட்ட இருந்துச்சு. 1967 போருக்கப்புறம்தான் அந்த மலைநாடு இஸ்ரேல் ராணுவத்து கைக்கு வந்துச்சு, அங்கேருந்துதான் 1974ல குஷ் எமுனீம் மாதிரி குடியேற்ற இயக்கம் வாக்குத்தத்தத்த நேரா கையில எடுத்துச்சு. அந்த ஊர்கள்ல பல தலைமுறையா இருக்க பாலஸ்தீனர், அதுல கிறிஸ்தவங்களும் இருக்காங்க, அவங்க இதே பைபிள கையில வெச்சுக்கிட்டு 2009ல கைரோஸ் பாலஸ்தீன் அறிக்கையில, எங்க நிலத்த எடுக்குறதுக்கு வசனம் காட்டாதீங்கன்னு கேட்டாங்க. பெத்செயான்லயும் 1948 மே மாசம் அங்க இருந்த அரபு மக்கள் வெளியேத்தப்பட்டாங்க, அப்ப அதுக்குப் பேர் பைசான்.

யூதர்களுக்குள்ளயே கூட ஒரே பதில் இல்ல. சாத்மார் ஹசீதிகள்ங்கற தீவிர பழமைவாத யூதப் பிரிவோட தலைவர் யோயேல் தெய்தெல்பாம், மேசியா வராம கூட்டமா படையெடுத்துப் போகக்கூடாதுன்னு தல்மூத்ல வர்ற சத்தியத்த காட்டி இந்த அரசே பாவம்னாரு. சியோனிசத்த ஆதரிச்ச ரபி ஆபிரகாம் குக்கோட வழி வந்தவங்க மீட்பு தொடங்கிடுச்சுன்னாங்க. இஸ்ரேல் தலைமை ரபிமார் 1948ல வெளியிட்ட அரசுக்கான ஜெபம் கூட இத மீட்போட முளைவிடுதலின் ஆரம்பம்னுதான் சொல்லுது, நிறைவேறிடுச்சுன்னு சொல்லல.

என் கணக்கு இது. யோசுவா, சாலொமோன் காலத்துல ஒரு நிறைவேறுதல் நடந்துச்சுன்னு பைபிள் வெளிப்படையா சொல்லுது, அத மறுக்க வழியில்ல. தீர்க்கதரிசிகள் சொன்னது அதோட தீரல, அதையும் மறுக்க வழியில்ல. ஆனா மிச்சம் இருக்கறத ஒரு அரசாங்கம் டாங்கி வெச்சு வசூல் பண்ணிக்கலாம்ங்கறதுக்கு லேவியராகமத்துல இருந்து எபிரெயர் வரைக்கும் எந்த இடத்துலயும் ஆதாரம் இல்ல. இன்னும் நிறைவேறலன்னு சொல்றவங்க பெரும்பாலும் காட்டுற எசேக்கியேல் 47லயே, எல்லைய தெக்க வடக்கன்னு அளந்து முடிச்ச கையோட 22, 23 ரெண்டு வசனம் வருது. உங்க நடுவுல தங்கி பிள்ளை பெத்த அந்நியருக்கும் சீட்டு போட்டு பங்கு குடுங்க, அவங்க உங்களுக்கு சுதேசி மாதிரி, எந்தக் கோத்திரத்துல தங்குறாங்களோ அந்தக் கோத்திரத்துலயே அவங்களுக்கு நிலம்னு. அந்த எல்லைய நம்புறவங்க எத்தனையோ பேர் சார்ட் போட்டு விளக்கிப் பாத்திருக்கேன், இந்த ரெண்டு வசனத்துக்கு சார்ட்ல கோடு போட்டவங்கள இன்னும் பாக்கல.